நடுவட்டத்துக்கு வந்த பந்து

ஃபுட்டிப் பந்து முதலில் உள்புறம் வெளியே தெரியும்படிதான் உருவாகிறது. மெல்போர்ன் நகரின் கிழக்குப் புறநகரான ஸ்கோர்ஸ்பியில் ஷெரின் நிறுவனத்தின் பட்டறை இருக்கிறது. பதப்படுத்திய மாட்டுத்தோலை விரித்து, இலை வடிவ அச்சை வைத்து அழுத்தி, ஒரு பந்துக்கு நான்கு துண்டுகள் வெட்டுவார்கள். துணியைப் போலத் தோல் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. முதுகுப் பக்கம் இறுகியிருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கு வரும். நான்கு துண்டும் ஒன்றுபோல நீளாவிட்டால் காற்றடித்ததும் பந்து ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். ஆகவே வெட்டுகிறவரின் கண்ணையும் கையையும் நம்பித்தான் அந்தப் பட்டறை நடக்கிறது. வெட்டிய துண்டுகளைச் சொரசொரப்பான உட்புறம் மேலே இருக்கும்படி வைத்துத் தடித்த நூலால் தைக்கிறார்கள். தைக்காமல் விட்ட சிறு வாய் வழியாக முழுத் தோலையும் வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். தலையணை உறையைத் திருப்புகிற அதே வேலைதான். ஆனால் தோல் விறைப்பானது, வாயோ குறுகலானது. தோளும் முழங்கையும் சேர்ந்து உழைத்தால்தான் பந்து தன் முகத்தைக் காட்டும். பிறகு உள்ளே ரப்பர் பை, வாயைக் கட்ட நாடா, அப்புறம் காற்று.

ஆண்கள் ஆடுவது 5-ஆம் அளவுப் பந்து. நீளவாக்கில் அதன் சுற்றளவு 720 முதல் 730 மில்லிமீட்டர், குறுக்குவாக்கில் 545 முதல் 555. பகல் ஆட்டத்துக்குச் சிவப்பு நிறம், விளக்கொளி ஆட்டத்துக்கு மஞ்சள். 2017 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை இரவு, மெல்போர்னின் பிரின்சஸ் பார்க் மைதானத்தில் நடுவட்டத்துக்கு வந்த பந்து மஞ்சள் நிறம், 4-ஆம் அளவு. எட்டி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் வாங்கினால் தெரியும். ஸ்கோர்ஸ்பியிலிருந்து பிரின்சஸ் பார்க்குக்கு வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இந்தப் பந்து வந்துசேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஃபுட்டி என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சில வரிகள். கிரிக்கெட் ஆடும் அதே நீள்வட்ட மைதானத்தில்தான் இதையும் ஆடுகிறார்கள். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கவாட்டுக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. பந்தைக் கையில் பிடிக்கலாம், எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தித்தான் இன்னொருவருக்குத் தர வேண்டும், இல்லையென்றால் உதைக்க வேண்டும். பந்தோடு ஓடுகிறவர் பதினைந்து மீட்டருக்குள் ஒரு தடவை அதைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும். நீள்வட்டப் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் சிறுவர்கள்கூட அதை ஓடிக்கொண்டே தட்டிக் கையில் வாங்கிக்கொள்ளக் கற்றுவிடுகிறார்கள். கை, கால், கண் மூன்றும் அந்தக் கோணல் பந்துக்கு ஏற்ப இளம் வயதிலேயே பழகிவிட வேண்டும். நடுவில் சில வருடங்கள் விட்டுவிட்டு வந்தால் பழக்கத்தை மீட்பது கடினம். பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு இது முக்கியம்.

தோல் பந்துக்கு முன்பே அந்த மண்ணில் வேறொரு பந்து இருந்தது. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்கள் போசம் என்ற சிறு மரவிலங்கின் தோலுக்குள் கரித்தூளை அடைத்து இறுகக் கட்டி, உதைத்தும் தாவிப் பிடித்தும் ஆடியதை ஜேம்ஸ் டாசன் 1881-இல் எழுதிவைத்தார். மார்ன் கூக் என்ற பெயரில் இன்று அது அறியப்படுகிறது. மெல்போர்னில் 1859-இல் முதல் விதிகளை எழுதியவர்களில் ஒருவரான டாம் வில்ஸ் சிறுவயதில் அந்தப் பகுதியில் வளர்ந்தவர். அவர் அந்த ஆட்டத்திலிருந்து ஏதும் எடுத்துக்கொண்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. பந்தைத் தாவிப் பிடிக்கும் ஆசை அந்த நிலத்தில் வெள்ளையர் வருகைக்கு முந்தியது என்பது மட்டும் எனக்குப் போதும்.

வெள்ளையர்கள் முதலில் ஆடியது உருண்டைப் பந்தோடும் இங்கிலாந்திலிருந்து வந்த ரக்பி பந்தோடும். தாமஸ் வில்லியம் ஷெரின் என்ற தோல் வேலைக்காரரிடம் பழுதுபார்க்க ஒரு ரக்பி பந்து வந்ததாம். அதைச் சரிசெய்யும்போதே, கூர்முனைகளை மழுக்கினால் தரையில் பட்டு ஓரளவு ஒழுங்காக எழும்பும் என்று அவருக்குத் தோன்றியதாம். எப்படித் தோன்றியிருந்தாலும், 1880 வாக்கில் அவர் கொலிங்வுட் பகுதியின் வெலிங்டன் தெருவில் பட்டறை போட்டு அந்தப் பந்தைத் தைக்க ஆரம்பித்தார். அப்போதைய கொலிங்வுட் தோல் பதனிடுவோரும் செருப்புத் தைப்போரும் நெருக்கியடித்து வாழ்ந்த உழைப்பாளிகளின் பகுதி. அவர் குடும்பமும் அந்த ஊர் ஃபுட்டிக் கழகமும் பிரிக்க முடியாமல் பின்னிக்கொண்டன. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டாம் ஷெரின் கொலிங்வுட் கழகத்தின் தலைவராகவே இருந்தார். வெலிங்டன் தெருவிலிருந்து பிரின்சஸ் பார்க் நாலைந்து கிலோமீட்டர்தான். அங்கே தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தவர்களில் பெண்கள் எப்போதும் நிறையப் பேர். அந்த ஆட்டத்தின் ஆதிக்கால வர்ணனைகளிலேயே அவர்கள் இருக்கிறார்கள், குடைபிடித்துக்கொண்டும் கத்திக்கொண்டும்.

பெண்கள் கையில் பந்து முதலில் போனது போர்க்காலத்தில். ஆண்கள் கப்பலேறிப் போனபின், 1915-இல் பெர்த் நகரில் துணிக்கடையில் வேலைபார்த்த பெண்கள் அணிகட்டி ஆடினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பல்லாரட்டில் நடந்த ஆட்டம் என் மனத்தில் தங்கிவிட்ட ஒன்று. அங்கே லூகாஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை. அதில் தையல் வேலை பார்த்த பெண்கள் ஊருக்கு வெளியே செல்லும் சாலையில் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு, போருக்குப் போன ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு மரம் என்று, 3,700-க்கும் மேல் மரங்கள் நடும் வேலையை முன்னின்று நடத்தினார்கள். அந்தச் சாலையின் தலைப்பில் ஒரு வெற்றி வளைவு கட்டப் பணம் வேண்டும். மெல்போர்னில் ராணுவச் சீருடை தைக்கும் அரசுத் தொழிற்சாலைப் பெண்களை, காக்கிப் பெண்கள் என்று அவர்களுக்குப் பெயர், ஆட்டத்துக்கு அழைத்தார்கள். 1918 செப்டம்பரில் தையல்காரப் பெண்கள் இரு அணியாகப் பிரிந்து, தையல் இயந்திரத்தின் முன் குனிந்த முதுகுகளை நிமிர்த்திக்கொண்டு, தோல் பந்துக்காக முட்டி மோதினார்கள். வளைவு 1920-இல் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. போகிறவர்கள் அதன் கீழ்தான் போகிறார்கள். அந்த வளைவில் ஒரு பங்கு ஃபுட்டி ஆட்டத்து நுழைவுக் கட்டணம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பந்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நற்காரியத்துக்குப் பணம் திரட்டும் ஆட்டங்கள் நடந்தன. செய்தித்தாள்கள் அவற்றை வேடிக்கையாகவே எழுதின. பல பத்தாண்டுகளுக்குப் பெண்ணுக்கும் பந்துக்குமான உறவு வீட்டுத் தோட்டத்தோடு நின்றது.

அந்த உறவு எப்படி முடியும் என்பது ஆஸ்திரேலியாவில் ஒரு தலைமுறைப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும் கதை. அண்ணனோடும் அப்பாவோடும் கொல்லையில் உதைத்துப் பழகிய சிறுமி, ஊர்க் கழகத்தின் சிறுவர் அணியில் சேர்கிறாள். அணியிலேயே அவள்தான் நன்றாகப் பிடிக்கிறாள், நீளமாக உதைக்கிறாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகிறது. ஒருநாள் பயிற்சியாளர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசுகிறார். அடுத்த பருவத்தில் அவள் பெயர் பட்டியலில் இல்லை. அதே வயதில் அண்ணன் பெரிய பந்துக்கு மாறுகிறான். இவள் நெட்பால், கூடைப்பந்து, தடகளம் என்று எங்காவது போய்ச் சேர்கிறாள். சனிக்கிழமை தம்பியின் ஆட்டத்தைப் பார்க்க வருகிறாள், இடைவேளையில் ஆரஞ்சுத் துண்டுகளைத் தட்டில் ஏந்திக் கொடுக்கிறாள். பந்து இருபதடி தள்ளி உருண்டுகொண்டிருக்கும்.

அவள் சிறுவயதில் உதைத்த அந்தப் பந்தின் கதையில் நம் நாடும் வருகிறது. ஷெரினின் முதல்தர ஆட்டப் பந்துகள் மெல்போர்னில் தைக்கப்பட்டாலும், குழந்தைகளுக்கான மலிவு விலைப் பந்துகள் சில காலம் இந்தியாவில் தைக்கப்பட்டன. பஞ்சாபின் ஜலந்தரில், ஒப்பந்தக்காரருக்கு உள்ஒப்பந்தம் என்று கைமாறி, குடிசைகளில் சிறுவர் சிறுமியர் உட்கார்ந்து அவற்றைத் தைத்ததை 2012-இல் ஆஸ்திரேலிய நாளிதழ்கள் வெளிக்கொண்டுவந்தன. அங்கே ஒரு சிறுமிக்கு விளையாடக் கிடைத்த பந்தை இங்கே ஒரு சிறுமி பள்ளிக்குப் போகாமல் தைத்திருக்கக்கூடும். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. தைத்த பிள்ளைகள் அந்தப் பந்தை ஒருமுறையாவது உதைத்துப் பார்த்திருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு. பந்தின் பயணத்தைச் சொல்லும்போது இந்த ஊரைத் தாண்டிப் போக மனம் ஒப்பவில்லை.

1981-இல் விக்டோரியப் பெண்கள் கால்பந்து லீக் தொடங்கியது. தொடக்கத்தில் நான்கே அணிகள். ஆண்களின் ஆட்டம் இல்லாத மைதானம் கிடைத்தால் ஆட்டம், விளக்கு அணைவதற்குள் பயிற்சி. சீருடை முதல் மருத்துவக் கட்டு வரை சொந்தப் பணம். டெபி லீ போன்றவர்கள் வார இறுதியில் ஆடிவிட்டு, வார நாட்களில் அந்த லீக்கையே நிர்வாகமும் செய்தார்கள். முன்னூறு ஆட்டங்கள் ஆடியவர் அவர். தொலைக்காட்சியில் அவற்றைப் பார்த்தவர்கள் அரிது. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளை ஓரிரண்டு வரியில் கடப்பது அநியாயம்தான். ஆனால் அந்தப் பெண்களிடம் கேட்டால் சொல்வதற்குப் பெரிய சம்பவங்கள் ஏதும் இருக்காது. சேறும் குளிரும் அடுத்த வாரமும்தான்.

சிறுமிகளுக்கான அந்த வயது வரம்பை எதிர்த்து 2003-இல் மூன்று பேர் விக்டோரியத் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள். பென்னி கூலா-ரீட் அவர்களில் ஒருவர். சிறுவர்களோடு தொடர்ந்து ஆட விடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. எந்த வயதில் உடல்வலு வேறுபடத் தொடங்குகிறது, எவ்வளவு வேறுபட்டால் விலக்கலாம் என்றெல்லாம் வாதங்கள் நடந்தன. தீர்ப்பு அவர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடவில்லை. ஆனால் வெளியேற்றப்படும் சிறுமி போய்ச்சேர ஓர் இடமே இல்லை என்ற உண்மை அந்த அறையில் எல்லோர் முன்பும் அம்பலமானது. 2004-இல் சிறுமிகளுக்கென்றே ஒரு போட்டி தொடங்கப்பட்டது. அதில் ஆடத் தொடங்கிய பிள்ளைகளின் கையிலிருந்து பதின்மூன்று வயதில் பந்து பிடுங்கப்படவில்லை. அந்தப் பிள்ளைகள் 2017-இல் இருபதுகளின் நடுவில் இருந்தார்கள். பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டவுடன் ஆட ஆளிருந்தார்கள் என்றால் அதற்கு அந்தப் படியேற்றம் ஒரு காரணம். பென்னி கூலா-ரீட் கொலிங்வுட் கழகத்தின் முதல் பெண்கள் அணியில் இடம்பெற்றார்.

எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. எரின் பிலிப்ஸின் அப்பா கிரெக் பிலிப்ஸ், போர்ட் அடிலெய்ட் கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். மகளுக்கும் அந்தக் கால். பதின்மூன்று வயதில் நிறுத்த வேண்டியதாயிற்று. கூடைப்பந்துக்குப் போனார். போன இடத்தில் உலகக் கோப்பை வென்றார், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார், அமெரிக்க லீக்கில் இரண்டு அணிகளோடு பட்டம் வென்றார். அவ்வளவும் பெற்றுவிட்ட ஒருவர், பெண்கள் லீக் வருகிறது என்றதும் முப்பத்தொரு வயதில் அடிலெய்ட் அணிக்குப் பெயர் கொடுத்தார். பதினெட்டு ஆண்டுகள் உருண்டைப் பந்தைத் தட்டிய கை மறுபடியும் கோணல் பந்துக்குத் திரும்பியது. சிறுவயதில் பிடித்த பழக்கம் அவருக்கு எங்கோ உள்ளே மிச்சமிருந்தது.

கழகங்களின் கதவைத் தட்டியவர்களில் சூசன் ஆல்பெர்ட்டியின் பெயரை விட முடியாது. பதினைந்து வயதில் பந்தை விட நேர்ந்தவர்தான் அவரும். பின்னாளில் தொழிலதிபராகி, வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கழகத்தின் துணைத் தலைவராகி, பெண்கள் ஆட்டத்துக்குப் பணமும் குரலும் கொடுத்தார். 2013 மே மாதம் முதல்முறையாகப் பெண்களுக்கு ஆள்தேர்வு நடந்தது. முதல் பெயர் டெய்ஸி பியர்ஸ், தொழிலால் பிரசவச் செவிலி. ஜூன் 29 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் மெல்போர்ன், புல்டாக்ஸ் பெண்கள் அணிகள் ஆடிக் காட்டின. காட்சி ஆட்டம் என்றே பெயர். ஆண்டுக்கு ஒன்று, இரண்டு. தேசிய லீக்கா, 2020-இல் பார்க்கலாம் என்பதே அப்போதைய பேச்சு.

அந்த 2020 மூன்று ஆண்டுகள் முன்னால் வந்தது. 2016 ஜூன் 15 அன்று எட்டுக் கழகங்களுக்கு உரிமம் அறிவித்தார்கள்: அடிலெய்ட், பிரிஸ்பேன், கார்ல்டன், கொலிங்வுட், ஃப்ரீமேண்டில், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி, மெல்போர்ன், வெஸ்டர்ன் புல்டாக்ஸ். அறிவிப்புக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையே எட்டு மாதம்கூட இல்லை. ஒவ்வொரு கழகத்துக்கும் முதலில் இரண்டு நட்சத்திரங்கள். கார்ல்டனுக்கு டார்சி வெஸ்கியோவும் பிரியானா டேவியும், கொலிங்வுட்டுக்கு மோவானா ஹோப்பும் எம்மா கிங்கும். வெஸ்கியோ வரைகலைக் கலைஞர். புதிய லீக்கின் இலச்சினை உருவாக்கத்திலும் அவர் கை இருந்தது. தான் உதைக்கப்போகும் லீக்கின் சின்னத்தைத் தானே வரைவதில் பங்குபெறும் வாய்ப்பு எத்தனை ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும்! டேவி ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் கோல்காப்பாளராக இருந்தவர். இப்படி வேறு வேறு ஆட்டங்களுக்குச் சிதறிப்போயிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அக்டோபர் 12 அன்று ஆள்தேர்வு. கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணி முதலில் கூப்பிட்ட பெயர் நிக்கோலா பார்.

அதற்குச் சற்று முன்பு, செப்டம்பர் 3 இரவு, நடந்த ஓர் ஆட்டம் பலருடைய கணக்கைத் திருத்தியது. அந்த ஆண்டுதான் ஆண்கள் இறுதிச்சுற்றுக்கு முன் ஒரு வாரம் ஓய்வு விடும் வழக்கம் வந்தது. காலியாகக் கிடந்த அந்தச் சனிக்கிழமையைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். விட்டன் ஓவல் மைதானத்தில் மோவானா ஹோப் ஆறு கோல் உதைத்தார். மெல்போர்னில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அந்தப் பருவத்தின் சனிக்கிழமை இரவு ஆண்கள் ஆட்டங்களைப் பார்த்தவர்களைவிட அதிகம். பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவந்தவர்களுக்கு அதற்குப்பின் அந்தக் கேள்வி அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

சம்பளப் பேச்சு வந்தபோது பழைய குணம் எட்டிப்பார்த்தது. பெரும்பாலான வீராங்கனைகளுக்கு 5,000 டாலர் என்பது முதலில் வைத்த தொகை. பேரம் நடந்து அது 8,500 ஆனது. அடுத்த நிலையினருக்கு 12,000, நட்சத்திரங்களுக்கு 27,000. ஆண்கள் லீக்கில் அப்போது சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் அளவில். பெண்களின் பருவம் ஏழு சுற்றும் ஓர் இறுதி ஆட்டமும்தான் என்பது உண்மை. ஆனால் அந்த ஏழு சுற்றுக்காக நவம்பரிலிருந்து மாலை நேரப் பயிற்சிக்கு வர வேண்டும். செவிலி இரவுப் பணியை மாற்றிக்கொண்டு வர வேண்டும். கார்ல்டனின் அப்போதைய அணித் தலைவி லாரன் ஆர்னெல் ஆசிரியை. பள்ளி மணி அடித்தபின்தான் அவர் நாளின் இரண்டாம் பாதி தொடங்கும். இவர்களுக்குக் கொடுத்தது குறைவு. லீக் தொடங்கிய மகிழ்ச்சியில் இதைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பந்தின் அளவும் பேச்சுக்கு வந்தது. 5-ஆம் அளவா, 4-ஆம் அளவா? சிறிய பந்து என்றால் சிறிய ஆட்டம் என்று நினைப்பார்களே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு கையில் பந்தை ஏந்தி, ஓடிக்கொண்டே பாதத்தின் மேல் நேராக இறக்க வேண்டும். விரல்கள் பந்தின் மேல் பரவிப் பிடிக்காவிட்டால் இறங்கும்போதே அது திரும்பிவிடும், உதை கோணிவிடும். பந்து கைக்கு அடங்கினால் கால் தன் வேலையைச் செய்யும். ஒருவர் கைக்கு அளவெடுத்துத் தைப்பதைச் சலுகை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆண்களின் பந்தும் ஆண்களின் கைக்கு அளவெடுத்ததுதான். நூற்றுமுப்பது ஆண்டுகளாக அதை யாரும் சலுகை என்று சொன்னதில்லை.

ஜனவரி வந்தது. மெல்போர்னில் அது கொளுத்தும் கோடை, கிரிக்கெட்டும் டென்னிஸும் ஆளும் காலம். ஃபுட்டிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று மைதானங்கள் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோடையில் மட்டும் கழகக் கடைகளில் பெண்கள் அணிச் சட்டை தொங்கியது. முதல் ஆட்டம் கார்ல்டனுக்கும் கொலிங்வுட்டுக்கும் என்று வைத்ததில் ஒரு கணக்கு உண்டு. அருகருகே இருக்கும் இரண்டு ஊர்கள், தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள். தாத்தா காலத்துப் பகையைப் பேத்திகள் எடுத்துக்கொண்டால் ஊரே வரும். ஆனால் எவ்வளவு பேர் வருவார்கள் என்பதில் யாருக்கும் நிச்சயமில்லை. முதலில் அந்த ஆட்டத்தைக் கொலிங்வுட்டின் பயிற்சி மைதானமான ஒலிம்பிக் பார்க் ஓவலில் நடத்துவதாகத்தான் இருந்தது. சில ஆயிரம் பேர் நிற்கும் இடம் அது. ஆர்வம் பெருகுவதைப் பார்த்தபின் பிரின்சஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அது கார்ல்டனின் பழைய வீடு. 2005-க்குப்பின் ஆண்கள் லீக்கின் ஆட்டம் அங்கே நடந்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரிய கூட்டத்தைக் காணாத மாடங்கள். நுழைவு இலவசம்.

பிப்ரவரி 3 சாயங்காலம் கார்ல்டனை நோக்கிப் போன டிராம்கள் நிரம்பி வழிந்தன. கார்ல்டனின் நிறம் கரும் நீலம், கொலிங்வுட்டுக்குக் கறுப்பு வெள்ளை. அந்த நிறங்களில் எல்லா வயதுப் பெண்களும் வந்தார்கள். அம்மாவின் தோளில் உட்கார்ந்த குழந்தைகள் வந்தார்கள். 1980-களில் சேற்றில் ஆடியவர்கள், இப்போது முழங்கால் வலியோடு, பழைய தோழிகளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்களோடு அப்பாக்களும் தம்பிகளும் வந்தார்கள், அவர்களுள் எத்தனையோ பேர் ஒருகாலத்தில் தட்டிலிருந்து ஆரஞ்சுத் துண்டை எடுத்தவர்கள். உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை 24,568 என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வாசலை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கம்பி வேலியருகே நின்றார்கள். லீக்கின் தலைமை நிர்வாகி கில்லன் மெக்லாக்லன் வெளியே வந்து, இடமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடமே நேரில் சொன்னார். இடமில்லை என்ற சொல்லைப் பெண்கள் இந்த ஆட்டத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு காரணத்துக்காக அதைக் கேட்டது அதுவே முதல் தடவை.

அன்று கார்ல்டன் வென்றது. ஏழு கோல், நான்கு ஒற்றைப் புள்ளி, மொத்தம் 46; கொலிங்வுட் 11. வெஸ்கியோ மட்டும் நான்கு கோல். ஆட்டத்தில் தவறவிட்ட பந்துகள் இருந்தன, அவசரத்தில் கோணிய உதைகள் இருந்தன. எட்டு மாதத்தில் கட்டிய அணிகள் வேறெப்படி ஆடும்? ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் விழுந்து புரண்டார்கள், ஒருவர்மீது ஒருவர் மோதினார்கள், எழுந்து ஓடினார்கள்.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது முதல் கால்பகுதியில். விளக்குகள் எரிகின்றன, வானத்தில் இன்னும் கொஞ்சம் கோடை வெளிச்சம் மிச்சம். மஞ்சள் பந்து கொலிங்வுட்டின் முன்வரிசைக்குப் போகிறது. ஜாஸ்மின் கார்னர் உதைக்கிறார். பந்து உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகிறது. அந்த லீக்கின் முதல் கோல். அன்று தோற்கப்போகிற அணிக்குக் கிடைத்த ஒரே கோலும் அதுதான். கோல் நடுவர் இரண்டு கொடிகளையும் எடுத்து வீசுகிறார். இந்த ஆட்டத்தில் கோல் விழுந்தால் பந்து எங்கே கிடந்தாலும் நடுவட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும், அங்கிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது, கார்னரைத் தோழிகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருவர் நடுவட்டத்தை நோக்கி ஓடுகிறார்.